அசரியா சார் காட்டிய மேடு

அசரியா சார் பூகோளம் நடத்தினால் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான். மேசைமேல் ஒரு தட்டில் மண்ணைக் குவித்து, பூவாளியால் தண்ணீர் ஊற்றிக் காட்டுவார். "பாருங்கடா, புல் இல்லாத சரிவுல மழை சும்மா இறங்காது. மேல் மண்ணையும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிடும்" என்பார். பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த எனக்கே அந்தப் பாடம் மனப்பாடம். இப்போது இருவரும் ஓய்வு பெற்று, கூடுவாஞ்சேரியில் எதிரெதிர் வீடு.

அவ்வளவு தெரிந்த மனிதர் தம் அப்பாவின் கல்லறையை வெறும் மண்மேடாகவே விட்டுவைத்திருந்தார். தாம்பரம் பக்கம், குன்றடிச் சரிவில் இருக்கும் கல்லறைத் தோட்டம் அது. சிமென்ட் வைத்துக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது போகட்டும். நவம்பரில் கல்லறைத் திருநாளன்று போய் மண் அணைத்து மாலை போடுவதையும் விட்டுவிட்டார். முட்டி வலி, மழை, டிராஃபிக், ஏதாவது ஒரு சாக்கு. அன்றைக்கு என் வீட்டில் காபி குடித்துக்கொண்டே, கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா தபீதாளிடம் போனில், "மாலை போட்டாச்சுக்கா, மெழுகுவத்தி ஏத்தியாச்சு" என்பார். நமக்கென்ன வம்பு என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் அக்காவே வந்து இறங்கிவிட்டார். "சாகறதுக்குள்ள ஒரு தடவை அப்பா பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணணும்டா." என் காரில்தான் போனோம்.

உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன். குன்றிலிருந்து இறங்கிய தண்ணீர் சாரின் அப்பா இருந்த வரிசையையே வழித்துவிட்டிருந்தது. மரச் சிலுவைகளில் ஒன்றுகூட இல்லை. சரளைக் கல்தான் துருத்திக்கொண்டு நின்றது. மண்ணெல்லாம் கீழே மதில் ஓரம் படிந்து கிடந்தது. ஒரே ஒரு மேடு மட்டும் பாதி கரைந்து மிச்சமிருந்தது.

சார் அதைக் காட்டினார். "இதுதான்க்கா." குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. அடப்பாவி மனுஷா!

அக்கா மாலையைப் போட்டு, மண்மேல் கை வைத்து அழுதார். "அப்பா, தம்பி உங்கள நல்லா பாத்துக்கிட்டான்பா." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இன்னா சார், யாருன்னு தெரியலியே? இது எங்க வூட்டுக்காரரு." கையில் மண்வெட்டியோடு ஒரு பெண்மணி நின்றிருந்தார். பெயர் அருள்மேரி, பக்கத்துத் தெரு. ஒவ்வொரு மழைக்கும் வந்து மண் அணைத்துவிட்டுப் போகிறவராம்.

அக்கா பதறிப்போய் மாலையை எடுக்கப் போனார். "இருக்கட்டும்மா, எடுக்காதீங்க. போட்டது போட்டதாவே இருக்கட்டும்" என்றார் அருள்மேரி.

அக்கா எழுந்து தம்பியைப் பார்த்தார். "அப்போ போன வருஷம் யாருக்குடா மெழுகுவத்தி ஏத்தின?"

"வரலக்கா. அதுக்கு முந்தியும் வரல."

"அப்பா எங்கடா?"

"தெரியலக்கா."

வகுப்பறையையே அதிரவைத்த குரல், பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. காபி கொடுத்து உட்காரவைத்த எனக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அருள்மேரி மண்வெட்டியை நீட்டினார். சார் வாங்கிக்கொண்டு மதில் ஓரம் இறங்கினார். வேட்டி மடியில் மண்ணை வாரிக்கொண்டு, அந்த முட்டியோடு நொண்டி நொண்டி மேலே ஏறி வந்து கொட்டினார். மறுபடி இறங்கினார்.

"எது அப்பான்னு தெரியாம எங்கடா கொட்டற?"

"இந்த வரிசைதான்க்கா. எல்லாருக்கும் போட்டுடறேன்."

மூன்றாவது மேடு எழும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. புது மண் சிவப்பாக வழிய ஆரம்பித்தது. சார் இரண்டு கையாலும் அணை கட்டினார், அது விரலிடுக்கில் போய்க்கொண்டே இருந்தது. அக்கா குடையை விரித்துக்கொண்டு கிட்டே போனார். நனைந்துகொண்டிருந்த தம்பியின் தலைக்கு மேல் அதைப் பிடிக்கவில்லை. குனிந்து, மண்ணுக்குப் பிடித்தார்.