போர்வெல்லைச் சுத்தி மஞ்சள் குச்சி

காலையில பால் வாங்க வாசல்ல நிக்கிறேன். எங்க பிளாக்குக்கே குடிதண்ணி தர்ற போர்வெல்லைச் சுத்தி ரெண்டு பேர் மஞ்சள் குச்சி அடிச்சிக்கினு இருந்தாங்க.

பக்கத்து ஊர்லேருந்து பால் ஊத்த வர்ற அஞ்சலை அக்கா கையில டம்ளரோட அப்படியே நின்னுட்டாங்க. "யார் வூட்ட எடுக்கப் போறீங்க?"

"யார் வீட்டையும் எடுக்கலம்மா. குடிதண்ணிக் கிணறெல்லாம் கெட்டுப் போகாம இருக்க ஒரு திட்டம். இந்தக் குச்சிக்குள்ள மாடு கட்டக் கூடாது, வண்டி கழுவக் கூடாது, குப்பை கொட்டக் கூடாது. அவ்வளவுதான்."

நல்ல விஷயம்தானேன்னு நினைச்சேன்.

"சம்மதம்னு ஒரு கையெழுத்து போடுங்க சார்." குச்சி அடிச்சவங்கள்ல ஒருத்தர் பேப்பரை நீட்டினார். மேல நாலு வரி தமிழ். கீழ பக்கம் பூரா பொடி எழுத்துல இங்கிலீஷ்.

"படிச்சிட்டுத் தரட்டுமா?"

"சும்மா ஃபார்மாலிட்டி சார்." பேனாவையும் அவரே நீட்டினார்.

அக்கா பாலை ஊத்திக்கினே சொன்னாங்க: "நாங்க பயிர் வெச்சிருந்த கொல்லையிலயும் மொதல்ல குச்சிதாங்க நட்டாங்க. சும்மா அளக்கத்தான்னாங்க. இப்ப அங்க சுரங்கத்துக்குத் தோண்டின பள்ளம்தான் இருக்குது. அன்னிக்கும் பேனா அவங்களுதுதான்."

பேனாவைத் திருப்பிக் குடுத்துட்டேன்.

தண்ணிக்கு நல்லதுதான் செய்றாங்களோ என்னமோ. உங்க பிளாக்குக்கும் குச்சி வந்துச்சா? கையெழுத்து போட்டவங்க, எதுல போட்டீங்கன்னு தெரிஞ்சா கமெண்ட்ல சொல்லுங்க.