லேப் வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு

போன வாரம் சிட்லபாக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். இந்த வயதிலேயே முழங்கால் வலி, சிரிக்காதீர்கள். ‘செருப்பை வெளியே விடவும்’ என்று எழுதியிருந்தது. ஏ.சி.யில் சில்லிட்டுக் கிடந்த டைல்ஸில் காலை வைத்ததும் எம்.எஸ்ஸி. படித்த நாட்கள் ஞாபகம் வந்துவிட்டன.

எங்கள் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் லேபிலும் இதே சட்டம்தான். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். கோயிலுக்குப் போவதுபோல வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் போவோம். மதியத்துக்குள் பாதம் மரத்துவிடும். கம்ப்யூட்டர் படித்தவர்கள் எங்களுக்கு பயாலஜி தெரியும் என்று நம்பினார்கள். பயாலஜி படித்தவர்கள் எங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியும் என்று நம்பினார்கள். நாங்கள் யாரையும் திருத்தவில்லை.

பக்கத்து சீட் ஜெனிபர் மட்டும் வேறு மாதிரி. நாங்களெல்லாம் மெடிக்கல் கிடைக்காமல் வந்தவர்கள், அவள் தம்பிக்காக வந்தவள். ஜோயலுக்குத் தசைகள் தளர்ந்துகொண்டே வந்தன. குதிகால் ஊன்றாமல் நுனிக்காலில்தான் நடப்பான். சனிக்கிழமைகளில் அக்காவோடு வருவான். வாசலில் முன்பக்கம் மட்டும் தேய்ந்து கிடக்கும் ஜோடி அவனுடையது.

ஆஸ்பத்திரியில் அவனுக்கும் அம்மாவுக்கும் ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனை செய்தும் காரணம் பிடிபடவில்லை. அந்த ஃபைல்களைக் கேட்டு வாங்கி, அதையே ப்ராஜெக்டாக எடுத்துக்கொண்டாள். மாதக்கணக்கில் அவற்றைச் சலித்தெடுத்த பிறகு ஒரு மதியம் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இதான் பாரு.”

ஜோயலின் மரபணு வரிசையில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அம்மாவின் வரிசையிலும் அதே இடத்தில் அதே மாற்றம்.

“அம்மாகிட்டேர்ந்துதான் வந்திருக்கு. இதுக்கு மருந்தும் கெடையாது. யார்கிட்டயும் சொல்லிடாத.”

எனக்கு அழுகை வரவில்லை. தாம்பரத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டுமே என்றுதான் தோன்றியது.

வீட்டில் அவள் “கண்டுபிடிச்சிட்டேன்” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். எங்கள் படிப்பு கண்டுபிடிப்பதோடு நின்றுவிடும், மருந்து வரை போகாது என்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? மறுநாள் தூக்கு நிறையக் கேசரியோடு லேபுக்கே வந்துவிட்டார்.

“கண்டுபுடிச்சிட்டீங்களாமே! இனிமே மருந்து குடுத்துடுவாங்கல்ல?”

ஜெனிபர் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, பாத்துகினே கீற? சாப்புடு” என்று என் கையில் வைத்தார். நன்றாக இருக்கிறது என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது.

இப்போது அந்த லேப் இல்லை. ஆளுக்கொரு லேப்டாப், காலில் செருப்போடு உட்கார்ந்து படிக்கிறார்கள். ஜோயலும் இல்லை. ஜெனிபர் ஒரு பேங்கில் சேர்ந்துவிட்டாள். நான் கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் அதே வேலை பார்க்கிறேன். பெயரில்லாத ஃபைல்கள் வரும். ‘தாயிடமிருந்து வந்தது’ என்று டைப் செய்துவிட்டு டீ குடிக்கப் போவேன். ஒன்றும் தோன்றாது. அதுதான் சில நாள் பயமாக இருக்கிறது.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்தால், செருப்புகளுக்கு நடுவே குனிந்து தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தார் ஜெனிபரின் அம்மா. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்கல்லாம் எவ்ளோ கஷ்டப்பட்டு கண்டுபுடிச்சீங்க. மருந்துதான் வர்றதுக்கு லேட்டாயிடுச்சி.”

ஜெனிபர் இன்னும் அவரிடம் எதையும் சொல்லவில்லை.

“ஆமாம்மா, லேட்டாயிடுச்சி” என்றேன்.

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.