முடிச்சுக்கு ஒரு பொய்

என் அக்கா அட்ராக்டாவின் புருஷன் ஃபெஸ்டி மேனியன் கார்னா என்ற கடற்கரை ஊரில் கல்லறைக் கல் செதுக்குகிறவர். இந்தக் கரையோரத்துச் சிலுவைகளில் பாதி அவர் கைவேலை. சிலுவையின் தண்டு முழுக்கப் பின்னல் முடிச்சு ஓடும். ஒரே இழைதான். ஓரிடத்தில் மேலே ஏறினால் அடுத்த இடத்தில் கீழே புக வேண்டும், எங்கும் அறுபடக் கூடாது.

கல் வேண்டுமென்று வருகிறவர்கள் எல்லோரும் அந்த முடிச்சுக்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். ஃபெஸ்டி கூசாமல் அளந்துவிடுவார். பாதிரியார் கேட்டால் மூன்று முனை முடிச்சு பிதா, சுதன், பரிசுத்த ஆவி. பாஸ்டனுக்குக் குடிபோனவர்களின் பேரப்பிள்ளைகள் வந்து கேட்டால் அதே முடிச்சு நிலம், கடல், வானம். புருஷனைக் கடலுக்குக் கொடுத்த பாபின் வந்து அழுதபோது, "இதுக்கு முடிவே கெடையாதும்மா. அவன் உன்னை விட்டு எங்கயும் போகலன்னு அர்த்தம்" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?" என்று ஒருநாள் மடக்கினேன்.

"எங்கயும் இல்ல, டிம்ப்னா. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால மடத்துத் துறவிங்க வேதப் புத்தகத்துல வரைஞ்சாங்க, கல்லுல வெட்டினாங்க. என்ன அர்த்தம்னு ஒரு வரி எழுதி வைக்கல. எல்லாம் பின்னால வந்தவங்க ஒட்டவெச்சது. நானும் என் பங்குக்கு ஒட்டறேன்."

போன மார்ச்சில் அக்காவை, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு காலை நான் அவளுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். ஃபெஸ்டி கட்டிலருகே இருந்தார்.

"என் கல்லுல என்ன முடிச்சு போடப்போற?" என்றாள்.

"இருக்கறதுலயே கஷ்டமானது."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

ஊருக்கெல்லாம் புளுகுகிற மனுஷன் வீட்டில் மட்டும் ஒரு பொய் பேசியதில்லை. "அர்த்தம் ஒண்ணும் இல்ல. உனக்குத் தெரியாததா? சும்மா கல்லை நிரப்பறதுக்கு."

அக்காவின் முகம் வாடிப்போனது. "கண்ட விதவைக்கெல்லாம் தேனா சொல்ற. எனக்கு ஒரு பொய் சொன்னா வாய் வலிக்குமா?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு அவரை நாலு அறை விடலாம் போலிருந்தது. அவர் எழுந்து பட்டறைக்குப் போனார். உளிச் சத்தமே கேட்கவில்லை. மதியம் ரொட்டி எடுத்துப் போனால், சாக்கட்டியும் கையுமாக உட்கார்ந்து ஒரு பலகையில் முடிச்சுப் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருக்கிறார்.

"உள்ள வந்து ஏதாவது சொல்லுங்க. பாபினுக்குச் சொன்னதையே சொல்லுங்க, போதும்."

"அது பாபினுக்குச் சொன்னது. அதையே தூக்கி இவளுக்கும் கொடுக்கவா? கொஞ்சம் இரு, வந்துடும்."

சாயங்காலம் கை கழுவிக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதற்குள் அக்காவுக்கு நினைவு தப்பியிருந்தது. காதருகே குனிந்து அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கண் திறக்கவில்லை. மறுநாள் போய்விட்டாள்.

ஜூலையில் கல்லறை ஞாயிறு. அன்று ஊரே அவரவர் செத்தவர் பக்கத்தில் போய் நிற்கும், பாதிரியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். அதற்குள் ஃபெஸ்டி அக்காவின் கல்லை நட்டுவிட்டார். அப்படியொரு முடிச்சை அவர் யாருக்கும் செதுக்கியதில்லை. பாபின் கிட்டே வந்து பார்த்தாள்.

"இதுக்கு என்ன அர்த்தம், ஃபெஸ்டி?"

சுற்றி நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "தெரியாது, பாபின்" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் விடவில்லை. "அன்னிக்கு சாயங்காலம் ஏதோ சொல்ல வந்தீங்களே, அது என்ன?"

"அது அவளுக்கு" என்றார்.

எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. அக்கா கேட்டது ஒரே ஒரு பொய். பொய்யாக இல்லாமல் நிஜமாகவே அர்த்தமுள்ள ஒரு முடிச்சைப் போட்டுக் கொடுக்கிறேன் என்று ஒரு பகல் முழுக்கப் பட்டறையில் உட்கார்ந்திருந்தார் அந்த மடையர்.