ஒரு சண்டைக்கு ஒன்றரை ஜிபி

என் மனைவி என்னோடு மனசு விட்டு ஒரு சண்டை போட்டால் ஒன்றரை ஜிபி காலியாகிவிடும். குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாயால் பேசுவதும் இல்லை. பேச்செல்லாம் கையிலும் புருவத்திலும்தான். நான் டிரெய்லர் ஓட்டுகிறவன். எண்ணூர்ப் பக்கம் கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு துறைமுக கேட்டுக்கான வரிசையில் போய் நின்றால், ராயபுரத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்ப ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். மற்ற டிரைவர்கள் போனைக் காதில் வைத்துப் பேசுவார்கள். நான் போனை டேஷ்போர்டில் சாய்த்து நிறுத்திவிட்டு இரண்டு கைகளையும் வீசிக்கொண்டிருப்பேன்.

"இன்னா மாமு, தனியா குந்திகினு கொசு அடிக்கிறியா?" என்று பின் வண்டிக்காரர் ஒரு நாள் ஏறிவந்து கேட்டார்.

"வூட்ல பேசிகினு கீறேன்" என்றேன்.

எட்டிப் பார்த்தார். திரையில் அவரைக் கண்டதும் அவள் கை கூப்பி வணக்கம் வைத்தாள். வைத்த கையோடு, விட்ட இடத்திலிருந்து என்னைத் திட்ட ஆரம்பித்தாள். "அய்ய, நம்ம வூடு மாதிரியேதான் கீது" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். அதற்கப்புறம் அந்த வரிசையில் யாரும் என்னைக் கேலி செய்ததில்லை.

எங்கள் இரண்டு போனிலும் இருந்தது அன்லிமிடெட் பேக். தினமும் மதியத்துக்குள் வேகம் செத்துவிடும். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் அவளையும் கூட்டிக்கொண்டு வண்ணாரப்பேட்டையில் இருக்கும் போன் கம்பெனிக் கடைக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் நிதானமாகத்தான் சொன்னாள். "பேசறது எவ்ளோ வேணா பேசலாம் சார், ஃப்ரீ. வீடியோ கால் டேட்டால போவும்."

"எங்க வூட்ல அதாம்மா பேச்சே."

"டேட்டாவும் அன்லிமிடெட்தான் சார். ஒன்றரை ஜிபிக்கு மேல ஸ்பீடு மட்டும் கொறையும்."

"அளவு வெச்சிட்டு அளவே இல்லன்னு இன்னாத்துக்கு போர்டு வெச்சிகிற?"

அவள் போர்டைக் காட்டினாள். அன்லிமிடெட் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அதற்கான விளக்கம் அடியில், எறும்பு ஊர்வது மாதிரி. எனக்குக் கோபம் வந்தால் குரல் தானாக ஏறும். கடையே திரும்பிப் பார்த்தது. என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து விஷயம் என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் கோபப்படவே இல்லை. ஓட்டலில் அளவில்லாச் சாப்பாடு என்று எழுதியிருப்பான், மூன்றாவது தடவை சாதம் கேட்டால் பரிமாறுகிறவன் நம் பக்கமே திரும்பமாட்டான் அல்லவா, அதுதான் இது என்று கையாலேயே அந்தப் பரிமாறுகிறவனாக நடித்துக் காட்டினாள். கவுண்டர் பெண்ணும் சிரித்துவிட்டாள். வேகம் மட்டும் கூடவில்லை.

வேகம் குறைந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். குரல் வரும், படம் நின்றுவிடும். அவளுக்கு வேண்டாத சத்தத்தைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, வேண்டிய படத்தை நிறுத்திவிடுவார்கள். கம்பெனி கணக்கில் அவள் கைப்பேச்சும் சினிமாவும் ஒன்று. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அவள் வயிறு எரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நின்று நின்று வரும் படத்துக்கு ஏற்ற மாதிரி பேச்சையே மாற்றினாள். ஒரு சைகையைக் காட்டிவிட்டு, அடுத்த படம் போய்ச் சேரும் வரை கையை அப்படியே அசையாமல் வைத்திருப்பாள். பிறகு அடுத்த சைகை. இதற்கு நாங்கள் வைத்த பெயர் நிறுத்திப் பேசுவது. கன்னத்தில் ஒரு விரல் வைத்தால் எங்கள் மகள்; அவளுக்கு அங்கே குழி விழும். அப்படியே பிடித்திரு. வயிற்றில் கை வைத்தால் பசி. பிடித்திரு. மகளுக்குப் பசிக்கிறது என்று சொல்ல அரை நிமிஷம் ஆகும். ஆனால் போய்ச் சேரும். எனக்குப் பொறுமை கிடையாது, பாதியில் கையை எடுத்துவிடுவேன். அவள் அதற்கும் நிறுத்தி நிறுத்தித் திட்டுவாள்.

மகளுக்கு எல்கேஜி சேர்க்கும் நேரம் வந்தது. எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான். அங்கே கிடைத்தால் நான் எந்த ஊரில் எந்த வரிசையில் நின்றாலும் என் மனைவியே கொண்டுபோய் விட்டு, கூட்டிவந்துவிடலாம். விண்ணப்பம் வாங்கப் போனபோது அவள் கேள்வியைத் தாளில் எழுதி நீட்டியிருக்கிறாள். அலுவலகத்தில் இருந்தவர் அதை வாங்கி ஆயாவிடம் கொடுத்து, பேசுகிறவர் யாராவது வந்தால் பார்க்கலாம் என்று சைகையில் சொன்னாராம். நேர்காணலுக்குத் தகப்பனார் கட்டாயம் வரவேண்டும் என்று செய்தியும் வந்தது.

அந்த நாளில் நான் வரிசையில் மாட்டிக்கொண்டேன். வீடியோவில் வருகிறேன், தலைமையாசிரியை கேட்பதை நான் கையால் சொல்கிறேன், நீ சொல்வதை நான் வாயால் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு அரை மனசுதான். எனக்குத்தான் பயம். அந்தப் பயத்தில் காலையிலேயே ஒத்திகை ஆரம்பித்தேன். இப்படிக் கேட்டால் என்ன சொல்வாய், அப்படிக் கேட்டால் என்ன சொல்வாய் என்று ஒன்றரை மணி நேரம். நேர்காணலுக்கு அவள் போய் உட்கார்ந்தபோது ஒத்திகையே மொத்த டேட்டாவையும் தின்று தீர்த்திருந்தது.

கூடுதல் டேட்டா வாங்க ஆப்பைத் திறந்தேன். ஆப் திறக்கவே வேகம் வேண்டியிருந்தது. பின் வண்டிக்காரரிடம் ஹாட்ஸ்பாட் கேட்டேன். "எனக்கும் பூட்ச்சி மாமு, காலீல இருந்து படம் பாத்துகினு கீறேன்" என்றார்.

சரி, நிறுத்திப் பேசுவோம் என்று தொடங்கினோம். குழந்தையின் வயது, தடுப்பூசி, எல்லாம் தட்டுத் தடுமாறிப் போய்ச் சேர்ந்தன. அப்போது தலைமையாசிரியையின் குரல் தெளிவாகக் கேட்டது. "கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லன்னா, ஏதாவது அவசரம்னா, நாங்க யார்ட்ட சார் சொல்றது?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்திருந்தேன். கையைத் தூக்கினேன். அதே நேரம் வரிசை நகர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன். "மாமு, வண்டிய எடு. எவனாவது உள்ள பூந்துருவான்." எனக்கு இருப்பது இரண்டு கைகள். ஒன்று ஸ்டியரிங்குக்குப் போனது, ஒன்று கியருக்கு. ஆமாம், அந்த இடத்தில் நான் வண்டியைத்தான் எடுத்தேன். இருபதடி நகர்ந்தேன். அந்த இருபதடிக்காக என் மகளின் சீட்டைக் கொடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

போனில் பேச்சே இல்லை. ஏதோ தாள் உரசும் சத்தம் மட்டும். பிரேக் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தேன். குனிந்த தலையோடு அவள் படம் நின்றிருந்தது.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றார் தலைமையாசிரியை. "உங்க வீட்டுக்காரங்க நோட்டையும் பேனாவையும் எங்கிட்ட நீட்டிட்டாங்க. கேள்விய எழுதிக் குடுத்தேன். பதில் எழுதியிருக்காங்க. படிக்கறேன், கேளுங்க."

படித்தார். "எனக்கு மெசேஜ் அனுப்புங்கள். என் வீட்டுக்காரருக்குக் காது கேட்கும், ஆனால் ஆள் கிடைக்கமாட்டார். எனக்குக் காது கேட்காது, ஆனால் நான் கிடைப்பேன்."

படித்துவிட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, அகப்பட்டுக்கொண்ட சிரிப்பு. பிறகு, "ஃபீஸ் எப்ப கட்டணும்னு அவங்களுக்கே எழுதிக் குடுத்துடறேன் சார், நீங்க வண்டியப் பாருங்க" என்று சொல்லி, இணைப்பைத் துண்டித்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவளுக்கு நான்தான் வாய் என்று இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். பின் வண்டிக்காரர் ஓடிவந்து, "இன்னாச்சு மாமு?" என்றார். "சீட்டு கெட்ச்சிடுச்சு. எம்பொண்டாட்டி வாங்கிட்டா" என்றேன். முன்னால் நின்ற நாலைந்து வண்டிக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

மகள் இப்போது யூகேஜி. அவளுடைய டைரியில், தகவல் சொல்ல வேண்டிய எண் என்ற இடத்தில் அம்மாவின் எண் மட்டும்தான் இருக்கிறது. பள்ளியிலிருந்து எனக்கு ஒரு செய்தியும் வருவதில்லை. மதியம் டேட்டா தீர்ந்த பிறகு வரிசையில் உட்கார்ந்து, இன்றைக்கு டீச்சர் என்ன சொன்னாங்க என்று நான்தான் என் மனைவியைக் கேட்கிறேன். அவள் கன்னத்தில் விரலை வைத்து, எனக்குப் புரியும் வரை அசையாமல் பிடித்திருக்கிறாள்.