கிளாஸ்கோ ராப்பும் மாமியின் பேச்சும்

இலங்கையில் யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தோடு அப்பா கதைப்பதை நிறுத்திவிட்டார். அவருடைய அக்கா, அதாவது என் மாமி, வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். தை மாதம் கடைசியாகப் போன் எடுத்தவர், அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அப்பா வேலைக்குப் போனார், வந்தார், போனை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தார். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைத்துக் களைத்துப்போனார். மனிதர் இப்படியே இறுகிவிடுவாரோ என்று எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குக் கோபமும் வந்துவிடும். வீட்டுக் கதவுகளைப் படார் படார் என்று சாத்திக்கொண்டு திரிந்தேன்.

அப்போது நான் டென்மார்க்கில், எங்கள் ஹோர்சன்ஸ் நகரத்து லாகர் ஒன்றில், அதாவது சாமான் கிடங்கில், வேலை செய்தேன். வந்திறங்கும் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவதுதான் வேலை. பக்கத்தில் நின்று அடுக்கியவள் கிளாஸ்கோக்காரி, டெனிஷ்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். அவளுக்கும் ராப் பைத்தியம், எனக்கும் ராப் பைத்தியம். தேத்தண்ணி இடைவேளையில் வேறு கதை எங்களுக்குக் கிடையாது.

அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுடைய ஊர்ப் பெடியள் எல்லாரும் நியூயோர்க்கில் பிறந்தவர்கள் மாதிரி ராப் செய்தார்களாம். தங்கள் பஸ் போகும் கடைசித் தரிப்பைத் தாண்டாதவன்கூட மைக்கைப் பிடித்ததும் அமெரிக்கன் ஆகிவிடுவான். பிறகு ஒரு சனசமூக மண்டபத்தில், இருபது முப்பது பேருக்கு முன்னால், ஒருவன் தன் தாயோடு கதைக்கிற அதே கிளாஸ்கோப் பேச்சில் ராப் செய்திருக்கிறான். சனம் விழுந்து விழுந்து சிரித்ததாம். அந்தப் பேச்சு தொலைக்காட்சியில் கோமாளிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்த காலம். ஆனால் அவன் விடவில்லை. அடுத்த மாதம் இன்னும் இரண்டு பேர் அப்படிச் செய்தார்கள். வீட்டிலேயே சீடி அடித்து, தோள்பையில் கொண்டு திரிந்து விற்றார்கள். இப்போது அந்த நகரத்தில் அமெரிக்கக் குரலில் ராப் செய்தால்தான் சிரிக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னாள்.

நான் எழுதிய தமிழ் ராப்பைப் போட்டுக் காட்டினேன். ஒரு சொல்லும் விளங்காதவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, நான் அம்மாவோடு போனில் கதைக்கும்போது என் குரல் இப்படிப் போவதில்லையே என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது சரி. நான் எழுதியதெல்லாம் சினிமாத் தமிழ். சென்னையைக் கண்ணாலும் காணாத நான் “வாடா மச்சி, இன்னாடா” என்று அளந்துகொண்டிருந்தேன். நான் மட்டுமில்லை, டென்மார்க்கில் தமிழில் பாடிய எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான். எங்கள் பேச்சை நாங்கள் எடுத்தது நகைச்சுவை நாடகத்துக்கு மட்டும்.

வீட்டுக்கு வந்து புதிதாக எழுத உட்கார்ந்தேன். எங்கள் பேச்சு என்றதும் காதில் கேட்டது மாமியின் குரல். போனிலேயே ஆளை உரித்துவிடுகிற குரல் அது.

ஜூன் மாதம் எங்கள் தமிழ்ச் சபையில், ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு வாலிபர் நிகழ்ச்சி இருந்தது. அந்த வருடம் கொண்டாட்டம் வேண்டாம், பிள்ளைகள் எழுதியதைச் சொல்லட்டும் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். அம்மா அப்பாவை இழுத்துக்கொண்டு வந்து கடைசி வரிசையில் இருத்தினார். நான் மைக்கைப் பிடித்தேன்.

“சாப்பிட்டியோ பிள்ளை, ஏன் மெலிஞ்சு போனாய்,
கதைக்க நேரமில்லாமல் எங்கை துலைஞ்சு போனாய்,
ரெண்டு மாசமாப் பாக்கிறன், ஒரு கோல் இல்லை,
டென்மார்க் போனவைக்கு வாயில நாக்கில்லை.”

மண்டபம் சிரித்தது. முன்வரிசை அன்ரிமார் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். இது பகிடி இல்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை, அந்தக் கோபத்தையே தாளத்தில் போட்டு முதலிலிருந்து மறுபடி சொன்னேன். இந்த முறை சிரிப்பு குறைந்தது. யாருடைய குரல் அது என்று அவர்களுக்கும் விளங்கத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த மண்டபத்தில் போனுக்குக் காத்திருந்தது எங்கள் வீடு மட்டும் இல்லை.

கடைசி வரிசையில் கதிரை இழுபட்டது. அப்பா எழும்பி நின்றார்.

“பிழை,” என்றார். குரல் கரகரத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். “பிழை, பிள்ளை. அக்கா முதல் சாப்பாட்டைக் கேக்கமாட்டா. முதல் அரை மணித்தியாலம் ஏச்சும் பேச்சும்தான். பேசி முடிச்சு, மூச்சு வாங்கிப்போட்டுத்தான் சாப்பிட்டியோ எண்டு கேப்பா. நீ மாறிப் பாடிப்போட்டாய்.”

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அம்மா அவருடைய சேர்ட் நுனியைப் பிடித்தபடி அழத் தொடங்கிவிட்டார். நான் மைக்கிலேயே கேட்டேன்.

“அப்ப எப்பிடியப்பா தொடங்குவா?”

“எடே மாடே எண்டுதான் தொடங்குவா. அது எனக்கு. உனக்கு என்ன சொல்லித் தொடங்குவாவோ தெரியேல்லை. அவ போன் எடுக்கேக்க அவவிட்டயே கேட்டு எழுது.”

அம்மா கண்ணைத் துடைக்காமலே அவரை நிமிர்ந்து பார்த்தார். “எடுப்பாவோ?”

“எடுப்பா,” என்றார் அப்பா.

அந்த ஒரு சொல்லை அவர் வாயால் கேட்கத்தான் அம்மாவும் நானும் இவ்வளவு நாளாகக் காத்திருந்தோம்.