எல்லையில் நின்ற கோழிக்கூடு

கண்ணைக் கரிக்கும் அந்த நெடியை நினைத்தால் இன்றும் எனக்கு மூக்கு எரிகிறது. ஈர மரத்தூளும் கோழி எச்சமும் காற்றுப் போக வழியில்லாத அறைக்குள் வாரக்கணக்கில் கிடந்து புளித்தால் வருகிற நெடி அது. கலியாண வீடுகளில் பழைய ஆட்கள் யாராவது என்னைப் பிடித்துவைத்து, "நீங்கள் பியோர்ண்டாலிலை கோழியெல்லாம் வளர்த்தனீங்கள் என்ன, அது ஒரு சந்தோசமான காலம்" என்று உருகும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் கோடையில் வந்து முட்டை வாங்கிக்கொண்டு போனவர்கள். மாரியில் எட்டிப் பார்த்தவர் ஒருவருமில்லை.

ஒஸ்லோவின் தெற்கு விளிம்பில், பியோர்ண்டாலில், காட்டை ஒட்டி, நடுச்சுவர் பொதுவான இரட்டை வீடு எங்களுடையது. ஒரு பாதியில் நாங்கள், மறு பாதியில் அப்பாவின் தமையன், அதாவது என் பெரியப்பா குடும்பம். எங்களுக்கு முன் அங்கே ஆளுக்கொரு பாதியில் இருந்தவர்கள் ஒரு நோர்வீஜியத் தாயும் மகனும். அவர்களுக்கு வேலி என்ற ஒன்று தேவைப்படவில்லை. அதனால் பின்வளவில் ஒரு கோழிக்கூட்டை, எல்லைக் கோடு அதன் வயிற்றுக்குள்ளால் போகும்படி கட்டிவைத்துவிட்டு, அதை எங்கள் தலையில் விட்டுப் போனார்கள். பழைய கூடு. ஒற்றைப் பலகைச் சுவர், உக்கிப்போன தளம், பனி உருகினால் ஒழுகும் கூரை. வசந்தத்தில் அண்ணனும் தம்பியுமாக ஏழு இளங்கோழிகளை வாங்கி விட்டார்கள். அதில் செம்மண் நிறத்தில் இருந்த ஒன்றுக்கு நானும் பெரியப்பாவின் மகள் சுகியும் "செம்பி" என்று பெயர் வைத்தோம். சுகிக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. செம்பி எங்கள் இருவருக்கும் பொது. அந்த வளவில் பொதுவாக இருந்து சண்டை வராத ஒரே பொருள் அதுதான்.

இலை கொட்டத் தொடங்கியதும் கூட்டை மாரிக் குளிருக்குத் திருத்துவதென்று முடிவாயிற்று. தளத்தைக் கழற்றிப் புதுப் பலகை அடித்தார்கள், சுவருக்கு உட்புறமாகக் குளிர் புகாமல் கண்ணாடிப் பஞ்சு வைத்து அதன்மேல் இன்னொரு பலகை போட்டார்கள், கோழிகள் ஏறிக் குந்துவதற்குத் தடித்த சட்டம் வைத்தார்கள். இருவரும் சேர்ந்து பகிடி விட்டுச் சிரித்ததை நான் கடைசியாகக் கண்டது அந்த நாட்களில்தான். கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த காற்றுத் துளைகளிடம் வந்தபோது வேலை நின்றது.

"உந்த ஓட்டையளை அடைக்கக் கூடாது. மேலை காத்துப் போகாட்டி உள்ளுக்கு ஈரம் பிடிக்கும்," என்றார் பெரியப்பா.

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. ஓட்டை விடுறதெண்டால் பிறகென்னத்துக்கு இந்தப் பஞ்சு?" என்றார் அப்பா.

இவ்வளவுதான். இந்த ஒரு கதையிலிருந்து, யார் யாரை நோர்வேக்கு எடுத்தது, யாருடைய கலியாணத்துக்கு யார் பிந்தி வந்தது, ஊரில் பங்குக் கிணற்றடியில் யார் யாரைத் தள்ளியது என்று பின்னேரத்துக்குள் இறங்கிவிட்டார்கள். உடுத்த உடுப்போடு ஓடி வந்தோம் என்று இந்த மனிதர்கள் எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். பொய். வேலிச் சண்டையைப் பத்திரமாகக் கட்டிக் கொண்டு வந்திருந்தார்கள். அவிழ்த்துப் போட இடம் கிடைக்காமல் இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த கிழமை அப்பா நூல் பிடித்துக் கூட்டுக்குள் எல்லையைக் கண்டுபிடித்து, ஒட்டுப் பலகையால் நடுவே ஒரு சுவர் அடித்தார். பெரியப்பா தன் பக்கத்தால் புதுக் கதவு வெட்டினார். கோழிகளை ஆளுக்கு மூன்றாகப் பிரித்துவிட்டு, மிஞ்சிய செம்பியை "மூத்தவன் பங்கு" என்று பெரியப்பா தூக்கிக்கொண்டு போனார். நானும் சுகியும் அழுதோம். அழுததற்கு எனக்கு ஒரு அறை விழுந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டுப் பிள்ளையுடன் கதைக்கக் கூடாது என்ற சட்டமும் வந்தது.

பிறகு இருவரும் தங்கள் தங்கள் கொள்கையைக் கோழிகளின் உடம்பில் நிரூபிக்கத் தொடங்கினார்கள். அப்பா காற்றுத் துளைகளை மட்டுமல்ல, பலகை இடுக்கு, கதவின் பூட்டுத் துவாரம் எல்லாவற்றையும் அம்மாவின் பழைய சேலைகளைக் கிழித்துத் திணித்து அடைத்து, மேலே பொலித்தீன் போட்டு, உள்ளே ஒரு சூட்டு விளக்கையும் தொங்கவிட்டார். பெரியப்பாவுக்கு மேலே இருந்த துளைகள் போதவில்லை. காற்று என்றால் என்னவென்று தம்பிக்குக் காட்டுவதற்காகக் கோழிகள் குந்தும் உயரத்திலேயே ஜன்னல் போல ஒரு துண்டை அறுத்து எடுத்துவிட்டார். சண்டை வராதிருந்தால் அவர் அதை அறுத்திருக்கமாட்டார், அப்பாவும் அவ்வளவு அடைத்திருக்கமாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சேலைகளைப் பறிகொடுத்த அம்மா குசினியில் நின்று, "ரெண்டு ஆம்பிளையளுக்கும் குளிரில்லை, கொழுப்பு" என்று சட்டி பானைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தை மாதம் குளிர் இறங்கியது. மூக்குமயிர் விறைத்துக் குத்துகிற குளிர். எங்கள் பக்கத்தில் கோழிகளின் மூச்சு வெளியே போக வழியில்லாமல் சுவரில் தண்ணீராக வழிந்து, கீழ்ப் பலகையில் பனிக்கட்டியாக உறைந்தது. ஈரம் பட்ட கொண்டைகளின் நுனி குளிரில் விறைத்து ஒவ்வொன்றாகக் கறுத்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு சேலையைத் திணித்தார். பெரியப்பாவின் பக்கத்தில் நெடி இல்லை, ஈரம் இல்லை, சூடும் இல்லை. ஒரு காலை அவருடைய கோழி ஒன்று சட்டத்திலிருந்து விழுந்து விறகுக்கட்டை மாதிரிக் கிடந்ததாகச் சுகி பள்ளிக்கூட பஸ்ஸில் வைத்துச் சொன்னாள். வீட்டுச் சட்டம் பஸ்ஸுக்குள் செல்லாது.

"செம்பியும் ஒரு மூலையிலை நடுங்கிக்கொண்டு நிக்குது. முந்தி ஏழும் ஒட்டி ஒட்டித்தானே படுக்கிறதுகள். அந்தப் பலகையைக் கழட்டினால் என்ன?" என்றாள்.

"பள்ளிக்கூடம் முடிஞ்ச கையோடை நீ உன்ரை பக்கத்தாலை வா," என்றேன்.

அன்று நான் அப்பாவின் சுத்தியலுடன் எங்கள் பக்கத்தில் நுழைந்தேன். சுகி தன் பக்கத்தால் உதைத்தாள். ஒட்டுப் பலகையின் கீழ் மூலை பிளந்து, ஒரு கோழி நுழையும் அளவு துண்டு கையோடு வந்தது. அந்த ஓட்டையால் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். சளி வடிந்துகொண்டு, பல்லைக் காட்டிச் சிரித்தபடி இருந்தாள். அவளுக்கும் எனக்கும் நடுவால் செம்பி தலையை நீட்டி, கொஞ்சம் யோசித்து, எங்கள் பக்கம் வந்தது. மற்ற இரண்டும் பின்னாலே வந்தன. ஆறும் ஒரே சட்டத்தில் ஏறி, ஒன்றின் செட்டைக்குள் ஒன்று தலையைச் செருகின. பெரியப்பாவின் காற்றும் ஓட்டையால் வந்தது, அப்பாவின் நெடி குறைந்தது. கூட்டைத் திருத்துவதென்றால் இதுதான் திருத்தம். இரண்டு கிழவர்களுக்கும் தெரியாதது பத்து வயதுப் பெட்டைகளுக்குத் தெரிந்திருந்தது என்று நான் சொல்லவரவில்லை, அவர்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே செய்தார்கள். அதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

காலையில் வெறும் கூட்டைக் கண்ட பெரியப்பா எங்கள் கதவை உதைத்தார். "என்ரை கோழியளைக் களவெடுத்தனியோடா?"

அப்பா போய்ப் பார்த்தார். ஓட்டையைக் கண்டார், என்னைக் கண்டார், எல்லாம் விளங்கியது. ஆனால் அவர் முகத்தில் வந்தது கோபம் அல்ல, வெற்றிக் களிப்பு. "கோழியளுக்குத் தெரியும், எது நல்ல வீடெண்டு," என்றார். சொல்லிவிட்டு, பெரியப்பாவின் கோழிகளைக் காலில் பிடித்துத் தூக்கி, எல்லைக்கு அப்பால் பனிக்குள் ஒவ்வொன்றாக எறிந்தார். செம்பி பனியில் கழுத்துவரை புதைந்து நின்று எங்களைப் பார்த்தது.

"இனி உன்ரை செத்தவீட்டுக்கும் வரமாட்டன்," என்றார் பெரியப்பா.

"ஆர் கூப்பிட்டது?" என்றார் அப்பா.

அந்தச் சனிக்கிழமை பொதுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கோழிக்குழம்பு வாசம் வந்தது. வறுத்த தூள், கறுவா, ரம்பை, எல்லாம் போட்டு மணக்க மணக்க. "குளிரிலை சாகிறதை விடச் சட்டியிலை சாகட்டும்" என்று பெரியப்பா சொன்னாராம். திங்கட்கிழமை பஸ்ஸில் சுகி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, "நான் சாப்பிடேல்லை" என்று மட்டும் சொன்னாள். அப்பா ஓட்டைக்கு மேல் தகரம் வைத்து ஆணி அடித்தார். கொண்டை கறுத்த எங்கள் மூன்றும் வசந்தம்வரை இழுத்துக்கொண்டு கிடந்தன, முட்டை போடவில்லை. அதன் பிறகு அந்தக் கூட்டில் கோழி இருந்ததில்லை.

அடுத்த வருடமே பெரியப்பா வீட்டை விற்றுவிட்டுத் திராமன் நகரத்துக்குப் போனார். போகிற போக்கில் தன் பாதிக் கூட்டை மரம் அறுக்கும் வாளால் அறுத்துப் பிரித்து எடுத்தார். அதனால் அப்பாவின் ஒட்டுப் பலகை அதன்பின் வெளிச்சுவராக, தகரத் துண்டோடு மழையிலும் பனியிலும் நின்றது. அப்பா அதற்கு வருடா வருடம் வர்ணம் பூசினார். தன் எல்லை எங்கே என்று எல்லோருக்கும் தெரிய வேண்டுமே.

சென்ற மாரியில் பெரியப்பா இறந்தார். நானும் அம்மாவும் திராமனுக்குப் போனோம். பேர்கனிலிருந்து வந்திருந்த சுகி என்னைக் கட்டிப்பிடித்தபோது அவளுடைய கண்கள் என் தோளுக்கு மேலால் வாசலைத் தேடின. அப்பா வரவில்லை. "செத்தவீட்டுக்கு வரமாட்டன் எண்டு அவர்தானே சொன்னவர்," என்று வீட்டில் இருந்துவிட்டார்.

இந்த வசந்தத்தில் ஒருநாள் நான் அங்கே போனபோது பின்வளவில் அப்பா கூட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். வர்ணம் பூசிய ஒட்டுப் பலகை நிலத்தில் கிடந்தது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நோர்வீஜியச் சோடி, தங்கள் பிள்ளைகள் துள்ளி விளையாட ட்ரம்போலின் வலை போட இடம் போதவில்லை, கொஞ்சம் இந்தப் பக்கமும் வரலாமா என்று ஒரு கோப்பை கோப்பியோடு வந்து கேட்டார்களாம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓமெண்டிட்டன். பாவம், சின்னப் பிள்ளையள்."

"அப்ப எல்லை?"

அப்பா நிமிர்ந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு வெட்கம் இல்லாமல் சிரித்தார். "என்ன எல்லை? சும்மா ஒரு பலகைதானே, பிள்ளை. அந்த நுனியைப் பிடி, தூக்குவம்."

தகரத்தின் ஆணிகள் துருவேறி இருந்தன. அதன் ஓரத்தில், நாங்கள் பிளந்த இடம் இன்னும் பல்லுப் பல்லாகத் தெரிந்தது. நான் கையைச் சட்டைப் பைக்குள்ளிருந்து எடுக்கவில்லை. அவர் தனியாகவே பலகையை இழுத்துக்கொண்டு போனார்.