ஆணியில் தொங்கிய சட்டை

திருட்டுப்போன வீட்டில் ஒரு மனிதர் சந்தோஷமாக இருந்தார் என்றால் யார் நம்புவார்கள்? பிரேக்கு இருந்தார். திருட்டைத் தாங்கிக்கொண்ட அந்த மனதை உடைத்ததும் அந்தச் சந்தோஷம்தான்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிரேக்கு என்பது கண்டக்டர்கள் வைத்த பெயர். விசில் கொடுத்தாலும் உடனே வண்டியை நகர்த்த மாட்டார். பக்கக் கண்ணாடியை ஒருமுறை பார்ப்பார். யாராவது ஓடி வருவது தெரிந்தால், ஏறும்வரை கால் பிரேக்கில்தான் இருக்கும். “உங்க அப்பன் வீட்டு வண்டியா?” என்று உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். “ஓடி வர்றவனும் டிக்கெட் வாங்கப்போறவன்தானே” என்பார்.

ஊரில் ஓடி வந்தவர்களுக்கெல்லாம் நின்றவர், பெற்ற மகனிடம் மட்டும் ஒரு மாலையில் நிற்கவில்லை. பத்தொன்பது வயதுப் பையன், படிப்பை விட்டுவிட்டு வந்து நின்றான். வார்த்தை முற்றியது. “இனி இந்த வாசப்படிய மிதிக்காதே” என்று சொல்லிவிட்டார். அவனும் மிதிக்கவில்லை. போட்டிருந்த துணியோடும் பையிலிருந்த வீட்டுச் சாவியோடும் போனவன்தான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

“வரவே கூடாதுன்னு போறவன் சாவிய மூஞ்சியில வீசிட்டுப் போயிருப்பான். எடுத்துட்டுத்தானே போயிருக்கான்?” என்பாள் அவர் மனைவி. சாகும்வரை அந்தப் பூட்டை மாற்ற அவள் விடவில்லை. அவள் போன பிறகு அவரும் மாற்றவில்லை. மகன் விட்டுப்போன நீலச் சட்டையும் கதவுக்குப் பின்னால் அதே ஆணியில் தொங்கியது. தன்னோடு வந்து இருக்கச் சொல்லி மகள் எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டாள். “உன் வீட்டு மாடிப்படி எனக்கு ஒத்துக்காதும்மா” என்று சமாளிப்பார். மகள் வீட்டுக் கதவுக்கு அந்தச் சாவி சேராது என்பதுதான் உண்மை.

ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக்கொண்டு ஒரு நாள் பகலில் திரும்பியபோது கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பூட்டில் ஒரு கீறல் இல்லை. உள்ளே அலமாரி திறந்து கிடந்தது. கைக்கடிகாரம் இல்லை. சுவரில் இருந்த மனைவியின் படம் கட்டிலில், தலையணைமேல் கிடந்தது. அதன் பின்பக்கத்து அட்டைக்குள், மகன் வீட்டிலிருந்த காலம் முதலே அவர்கள் ஒளித்து வைத்திருந்த சங்கிலி போய்விட்டது. அந்த இடம் வீட்டு மனுஷர்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

பதறிப்போய் வெளியே ஓடத் திரும்பியவர், கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியைப் பார்த்தார். நீலச் சட்டை இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாவி போட்டுத் திறந்திருக்கிறான். அம்மாவின் படத்தைக் கீழே வைக்க மனம் வராமல் தலையணையில் படுக்கவைத்திருக்கிறான். தன் சட்டையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். உயிரோடு இருக்கிறான். பிரேக்கு வாய்விட்டு அழுதார். எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு வந்த நல்ல அழுகை அது.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி மகள் ஓடி வந்தாள்.

“போலீஸ்ல சொன்னீங்களாப்பா?”

“எதுக்கு? நானே எங்கயாவது மறந்து வச்சிருப்பேன்.”

“அம்மா போட்டோ தானா இறங்கி வந்து கட்டில்ல படுத்துச்சா?”

“அவளுக்குத்தான் கால் வலியாச்சே. நின்னு நின்னு அலுத்திருப்பா.”

மகள் சிரிக்கவில்லை. வெறும் ஆணியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“தம்பின்னு நினைக்கிறீங்க.”

“தன் வீட்டுல எடுத்தா அதுக்குத் திருட்டுன்னு பேர் இல்லம்மா.”

“சரி. வந்தவன் உங்க முகத்தக்கூடப் பாக்காம போனானே, அதுக்கு என்ன பேரு?”

அவள் போன பிறகு பிரேக்கு துணிக்கடைக்குப் போனார். ஒருமுறை வந்தவன் மறுமுறையும் வருவான். பழைய சட்டை இனி அவனுக்கு எப்படிப் பற்றும்?

“யாருக்கு சார்? என்ன சைஸ்?” என்று கடைக்காரர் கேட்டார்.

“பையனுக்கு. சைஸ்... நாப்பது வயசு இருக்கும்.”

“வயசுக்கு ஏது சார் சைஸ்? ஆள் குண்டா, ஒல்லியா?”

பிரேக்கு திணறிப்போனார். கடைசியில் பெரிய அளவாகவே எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு எதிரே கடை வைத்திருந்த இஸ்திரிக்காரர் அதைத் தேய்த்துக் கொடுக்கும்போது, “என்ன மாமா, இதுக்குள்ள உங்கள மாதிரி ரெண்டு பேர் போகலாமே” என்றார். “சாப்பாடு நல்லா இருந்தா ஆள் தடிச்சிருப்பான்ல” என்றார் இவர். சட்டை அதே ஆணிக்குப் போனது. தினமும் இரண்டு பேருக்குச் சமைத்தார். மிஞ்சியதை மறுநாள் தான் சாப்பிட்டார். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடவே இல்லை.

பிறகு ஒரு நாள் ஒரு கான்ஸ்டபிள் வந்து கதவைத் தட்டினார்.

“பெரியவரே, உங்க வீட்டுலயும் எடுத்தேன்னு ஒருத்தன் ஒத்துக்கிட்டிருக்கான். நீங்க ஏன் புகாரே குடுக்கல?”

பிரேக்குவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “அவன அடிச்சிடாதீங்க சார். நான் வர்றேன்” என்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஸ்டேஷன் மூலையில் ஒருவன் குந்தியிருந்தான். அவனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், முன்பல் இரண்டு இல்லை. பிரேக்கு அவனைத் தாண்டி அறை முழுக்கத் தேடினார்.

“எங்க சார்?”

“இவன்தான்” என்றார் இன்ஸ்பெக்டர்.

பிரேக்கு அவன் எதிரில் போய் நின்றார். “என் வீட்டுச் சாவி உனக்கு ஏது? யார் குடுத்தா?”

“சாவியா? அந்தக் காலத்துப் பூட்டு, தேஞ்சுபோச்சு. எந்தச் சாவிய விட்டு ஆட்டினாலும் தொறக்கும்.”

“படத்துக்குப் பின்னால இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?”

“தனியா இருக்குற ஆம்பளைங்க சம்சாரம் போட்டோவுக்குப் பின்னாலதான் வைப்பாங்க. நான் மொதல்ல அங்கதான் பாக்குறது.”

“அத ஏன் தலையணையில வச்ச?”

“கண்ணாடி தரையில இடிச்சா சத்தம் கேக்குமே.”

இன்ஸ்பெக்டர் மேசைமேல் ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டினார். கடிகாரமும் சங்கிலியும் உள்ளே இருந்தன. மூட்டை கட்டியிருந்த துணி நீலச் சட்டை. கைகள் இரண்டும் முடிச்சுப் போட்டுக் கசங்கியிருந்தன.

“பொருளெல்லாம் கோர்ட் மூலமாத்தான் கிடைக்கும் பெரியவரே. கவலைப்படாதீங்க, சங்கிலி பத்திரமா இருக்கு.”

“சட்டைய மட்டும் இப்பவே குடுப்பீங்களா சார்?”

“அதுவும் சாட்சிப் பொருள்தான்.”

நடந்தே வீடு திரும்பினார். கதவு முன்னால் நின்று, வீட்டுச் சாவியை எடுக்காமல் அலமாரிச் சாவியைப் பூட்டில் விட்டு ஆட்டினார். திறந்துகொண்டது. தாயும் தகப்பனும் இத்தனை வருஷம் காத்துவந்த பூட்டு, யார் வந்தாலும் திறந்துவிடுகிற பூட்டாக இருந்திருக்கிறது. மகன் ஒருவனுக்காக மட்டும் அது காத்திருக்கவில்லை.

மகளுக்குப் போன் போட்டார். “வண்டி அனுப்பும்மா. வந்துடறேன்.”

“மாடிப்படி?”

“மெதுவா ஏறிக்கிறேன்.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

வாடகை வீடுதான். சாமான்கள் லாரியில் ஏறிக்கொண்டிருக்கும்போதே வீட்டுச் சொந்தக்காரர் ஆளை வைத்துப் பூட்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். பிரேக்கு எதிரே இஸ்திரிக் கடைக்குப் போனார்.

“யாராவது என்னத் தேடி வந்தா, இந்த விலாசத்தச் சொல்லுப்பா.”

“யாரு மாமா வருவாங்க? ஆள் எப்படி இருப்பாரு?”

பிரேக்கு வாயைத் திறந்தார். மீசை அரும்பிய, ஒல்லியான ஒரு பத்தொன்பது வயது முகம்தான் நினைவுக்கு வந்தது. அந்த முகத்தோடு இன்று யாரும் வர முடியாது.

“தெரியலப்பா” என்றார்.

கையிலிருந்த புதுச் சட்டையை இஸ்திரி மேசைமேல் வைத்தார். “உனக்குச் சரியா இருக்கும். போட்டுக்க.”

லாரியின் முன் இருக்கையில், மனைவியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

“ஒரு நிமிஷம் நில்லுப்பா.”

தலையைச் சாய்த்துப் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். இஸ்திரிக் கடை தெரிந்தது. கழற்றிப் போட்ட பழைய பூட்டு வாசலில் கிடந்தது. தெரு முனைவரை வெயில்தான் இருந்தது.

“யாராவது வரணுமா பெரியவரே?”

“இல்ல” என்றார் பிரேக்கு. “எடு.”